சத்தம் அடங்கியதும் மடிக்கவும்

கணியூர்
3.9.2024

ஏனுங்க,

உங்கள் கார்டு வந்தது. "போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. விஷயம் இருந்தால் எழுது." இவ்வளவுதான் இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கிடையாது. அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தபால்காரர் எப்படியும் படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார். படிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அண்ணனுக்கு இடுப்பில் பிளேட் வைத்துத் தைத்தாயிற்று. வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கட்டிலிலிருந்து எழவே இன்னும் நாளாகும் என்கிறார்கள். ஆள் வரவில்லை என்று ஐம்பத்தெட்டு வயதில் தென்னையில் ஏறினால் வேறென்ன ஆகும்? அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டார், பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? மாடு இரண்டு, தோப்பு, சமையல் எல்லாம் என் தலையில்தான்.

மனதில் உள்ளதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி, "ஆபரேசன் முடிஞ்சுதுங்க" என்றேன். நீங்கள், "உண்டுட்டேன், உண்டுட்டேன்" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். அதற்கு முன்னால், பஸ் ஏறிய அன்று, ஜன்னல் வழியாக உங்களிடம் ஒன்று சொன்னேன். நான் எளிதில் சொல்லுகிற ஆள் இல்லை, உங்களுக்குத் தெரியும். நீங்கள் பஸ்ஸின் போர்டைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டீர்கள். உடுமலை வரும் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

நான் இங்கே வந்தது பிடிக்கவில்லையென்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். கம்மென்று இருந்து கொல்லாதீர்கள்.

துளசிமணி


திருப்பூர்
8.9.2024

அம்மிணி,

கோபம் ஒன்றும் இல்லை. மச்சானைப் பார்த்துக்கொள்வது உன் கடமை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பனியன் துணி யூனிட்டில் தீபாவளிக்கு முன்னால் அனுப்ப வேண்டிய ஆர்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் மெஷின் ஓடுகிறது. அதனால்தான் வர முடியவில்லை. போனைக் கடையில் கொடுத்திருக்கிறேன்.

மற்ற நாட்களில் மெஸ்ஸில் உண்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு. இன்று பன் வாங்கித் தின்றேன். நீ ஞாயிற்றுக்கிழமை உள்ளே மசால் வைத்து மடித்து ஒரு ஆம்லெட் போடுவாயே, அதை எப்படிச் செய்வது என்று எழுது. முட்டை வாங்கி வைத்துவிட்டேன்.

மகுடேஸ்வரன்


கணியூர்
12.9.2024

ஏனுங்க,

அண்ணனிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை அடுப்புப் பத்த வெக்கறாராமா? அப்பறம் திருப்பூர்ல மழை பேயாம என்ன பண்ணும்?" என்று சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்கும் சந்தோஷம்தான். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்காத ஆள் நீங்கள். சரி, கவனமாகப் படியுங்கள்.

முதலில் உள்ளே வைப்பதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை, துருவிய கேரட். நல்லெண்ணெய் விட்டு வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் முருங்கைக்கீரை ஒரு பிடி போடுங்கள். கீரை சுருண்டதும் தேங்காய்த் துருவலைத் தூவி இறக்கி, ஆற விடுங்கள். சூட்டோடு வைத்தால் முட்டை கிழிந்துபோகும். அவசரம் வேண்டாம்.

மூன்று முட்டை, உப்பு, மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் பால் சேர்த்து நுரை வருகிற வரைக்கும் அடியுங்கள். சின்ன தோசைக்கல் அடுப்புக்குக் கீழே இருக்கிறது. கல் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, முட்டையை ஊற்றி, கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பரப்புங்கள். தீயைக் குறைத்துவிடுங்கள்.

இனிமேல்தான் சூட்சுமம். ஊற்றியதும் படபடவென்று பெரிய சத்தம் போடும். பிறகு சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். அடங்கியதும் ஒரு பாதியில் மசாலை வைத்து, மறுபாதியை அதன்மேல் மடித்துவிடுங்கள். லேசாக அழுத்திவிட்டு எடுத்துவிட வேண்டியதுதான். நான் கண்ணால் பார்த்தெல்லாம் செய்வதில்லை. திரும்பி நின்று சட்னி அரைத்துக்கொண்டிருந்தாலும் சத்தத்தை வைத்தே மடித்துவிடுவேன்.

உண்டுவிட்டு எழுதுங்கள்.

துளசிமணி


திருப்பூர்
15.9.2024

அம்மிணி,

செய்தேன். கரிந்துவிட்டது. மடிக்கும்போது அப்பளம் மாதிரி உடைந்தது. உள்ளே வைப்பது மட்டும் நன்றாக வந்தது. அதைப் பன்னுக்குள் வைத்து உண்டேன்.

மச்சான் தேறிவருவது நல்லது.

மகுடேஸ்வரன்


கணியூர்
19.9.2024

ஏனுங்க,

தீ பெரிதாக இருந்திருக்கும். இல்லாவிட்டால் யூனிட்டை நினைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

பக்கத்து வீட்டு ராக்கம்மாளிடம் நேற்று போனில் பேசினேன். "மைனி, அண்ணன் ஞாயித்துக்கிழம என்னத்தையோ கருக்கிப்புட்டாரு. பொக வந்துச்சேன்னு கதவ எம்புட்டு நேரமா தட்டுறேன், தொறக்கவே இல்ல. ஜன்னல் வழியாப் பாத்தா கல்லயே பாத்துக்கிட்டு நிக்காரு" என்றாள். அப்படி என்ன யோசனை உங்களுக்கு?

ஓசூரிலிருந்து மோனிஷாவும் கூப்பிட்டாள். அப்பாவின் போன் மணி அடிக்கிறது, எடுக்கத்தான் மாட்டேன் என்கிறார் என்றாள். தண்ணீரில் விழுந்த போன் எப்படி மணி அடிக்கும் என்று அவள் கேட்கிறாள். 

அது இருக்கட்டும். இந்த ஞாயிறு தீயைக் குறைத்து வையுங்கள். வேறு எதையும் நினைக்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். முதலில் மழை தகரத்தில் விழுவது போல இருக்கும். அப்புறம் தூறலாகும். தூறல் நின்றதும் மடித்துவிடுங்கள்.

துளசிமணி


திருப்பூர்
22.9.2024

அம்மிணி,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். தீ குறைவாகத்தான் வைத்தேன். வேறு யோசனை ஒன்றும் இல்லை. அடுப்பின் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் நிற்கவே இல்லை. நிற்கும், மடிக்கலாம் என்று காத்துக்கொண்டே இருந்தேன். திரும்பவும் கரிந்துவிட்டது.

எனக்கு இது வராது. விட்டுவிடு. பன்னே போதும்.

மகுடேஸ்வரன்


கணியூர்
25.9.2024

ஏனுங்க,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் எழுதுங்கள்.

அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சத்தம் நின்றதா?

துளசி


திருப்பூர்
28.9.2024

துளசி,

நிற்கவில்லை.

இப்போது எழுதும்போதும் இருக்கிறது. யூனிட்டை விட்டு வந்தாலும் நாலு மெஷின் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சித்திரையில் லேசாக ஆரம்பித்தது. சளி என்று நினைத்தேன். ஆடிக்குப் பிறகு அந்த இரைச்சலைத் தாண்டி வெளியில் உள்ளது எதுவும் சரியாக உள்ளே வருவதில்லை. ஆள் எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வேன். போனில் வாய் தெரியாது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது, உண்டீங்களா என்று கேட்கிறாய் என்று நினைத்தேன். வழக்கமாக நீ அதைத்தானே முதலில் கேட்பாய்? அப்புறம் நீ கத்தியது மட்டும் எப்படியோ தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் போனைப் பீரோவில் வைத்துவிட்டேன்.

யூனிட்டில் ஊசி உடைந்தால் துணியில் நெடுகக் கோடு விழும். துணியைப் பார்ப்பதற்கு முன்பே மெஷினின் சத்தம் மாறிவிடும், நான் ஓடிப்போய் நிறுத்திவிடுவேன். போன மாதம் கோடு விழுந்தபடியே இரண்டு ரோல் ஓடிவிட்டது. நான் அந்த மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் இளங்குமரன் வந்து துணியைத் தூக்கிக் காட்டினான். ஏன் நிறுத்தவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடவில்லை. அது பொய். ரோட்டைத் தாண்டும்போது பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது தெரியாமல், ஒருத்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதிலிருந்து தனியாக எங்கேயும் போகப் பயம். கணியூர் வந்தால் மச்சான் படுத்துக்கொண்டே பேசுவார், நான் திருதிருவென்று முழிப்பேன், நீ பார்த்துக்கொண்டிருப்பாய். அதையும் நினைத்தேன்.

வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அது பெரிதில்லை. இனி நீ என்னிடம் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். நீ மெதுவாகப் பேசுகிற ஆள். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

பஸ் ஜன்னலில் என்ன சொன்னாய்? ஏதோ சொன்னாய் என்று தெரிந்தது. திரும்பச் சொல் என்று கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய் என்று நடந்துவிட்டேன்.

மகுடேஸ்வரன்


கணியூர்
5.10.2024

ஏனுங்க,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் பால் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் கட்டிலிலிருந்தே, "ஏம்புள்ள, என்னாச்சு? மாப்பிள்ளைக்கு ஏதாச்சுமா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சித்திரையிலிருந்து ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்திருக்கிறோம். டிவியைப் பெரிதாக வைக்கிறீர்கள் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். கூப்பிட்டால் ஏன் திரும்புவதில்லை, அவ்வளவு இளப்பமாகப் போய்விட்டேனா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன மூன்றாம் மனுஷியா?

திட்டி முடித்துவிட்டேன். இதற்கு மேல் திட்ட மாட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றேன். நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் போல இருந்தது. முட்டையை ஊற்றினேன். ஒன்றும் தெரியவில்லை. ஏதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருந்தது. இத்தனை வருடம் போட்ட ஆம்லெட் எனக்கும் கரிந்துவிட்டது. கையில் கரண்டியை வைத்துக்கொண்டு அழுதேன். என் அழுகை எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இப்படித்தானே தனியாக நின்றிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் திரும்பவும் போட்டேன். கோழி இருக்கிற வீடு, முட்டைக்குப் பஞ்சமில்லை. அண்ணன் தினமும் ஆம்லெட் உண்டு சலித்துப்போய், "ஏம்புள்ள, எனக்கு ஒடஞ்சது இடுப்புதானே? நாக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்கிறார். ஆனால் எனக்குப் பிடிபட்டுவிட்டது. காது இல்லாமல் எப்போது மடிப்பது என்று எழுதுகிறேன்.

ஊற்றியதும் மேலே எல்லாம் பளபளவென்று இருக்கும். கண்ணை எடுக்காதீர்கள். ஓரத்திலிருந்து பளபளப்பு மங்கிக்கொண்டே நடுவுக்கு வரும். ஓரம் கல்லை விட்டு லேசாக எழும்பும். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் மிஞ்சியிருக்கும்போது கல்லைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுங்கள். முட்டை முழுசாக வழுக்கினால் பக்குவம் என்று அர்த்தம். ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மூக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டை வாசம் போய் நெய் உருகுகிற மாதிரி ஒரு வாசம் வரும். அந்த வாசம் வந்ததும் மடித்துவிடுங்கள்.

பஸ் ஜன்னலில் சொன்னதைக் கேட்டீர்கள். "நீங்க இல்லாம எனக்கு அங்க தூக்கம் வராதுங்க" என்று சொன்னேன். இதைப் போய் நான் கத்திச் சொல்ல முடியுமா? அதனால் எழுதிவிட்டேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள்.

ராக்கம்மாளின் வீட்டுக்காரர் சீனிச்சாமி அண்ணனிடம் பேசிவிட்டேன். காது டாக்டரிடம் அவர் கூட்டிப்போவார். எதிர்த்துப் பேசாமல் போங்கள்.

துளசி


திருப்பூர்
13.10.2024

அம்மிணி,

வந்துவிட்டது.

காசு அளவு ஈரம், கல்லை ஆட்டினேன், வழுக்கியது. மடித்தேன். உடையவில்லை. மேலே அங்கங்கே பொன் நிறமாக, உள்ளே கீரை பச்சையாகத் தெரிந்தது. தட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்டினால் ஆவி வந்தது. வெளியே மெத்தென்று, உள்ளே வெங்காயமும் தேங்காயும் இனிப்பாக, நடுநடுவே மிளகாய். இவ்வளவு நாள் நீ போட்டுக் கொடுத்தபோது பேப்பர் படித்துக்கொண்டே உண்டிருக்கிறேன். அதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ராக்கம்மாளுக்குப் பாதி கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "ஏண்ணே, இது ஓட்டல்ல வாங்குனதா?" என்றாள். இல்லை என்றேன். அவள் முகத்தைப் பார்த்தே கேள்வி புரிந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். என் தலைக்குள் இருப்பது எது, அவர்கள் போடுவது எது என்று தெரியாமல் திணறிப்போனேன். இடது காது ரொம்பப் பழுது. வலது காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு கேட்கும். இரைச்சல் போகாது, பழகிவிடும் என்றார். மெஷின் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் திருப்பூரில் இவ்வளவு ஹார்ன் அடிக்கிறார்களா என்று ஆகிவிட்டது. சீனிச்சாமி சிரித்தார். அவர் சிரிப்பு கேட்டது.

இளங்குமரனிடம் நானே போய்ச் சொன்னேன். "ஏனுங்கண்ணா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்கல்ல? நானு உங்களுக்கு எம்மேல ஏதோ மனத்தாங்கல்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றான். நிட்டிங்கில் இனி நிற்க வேண்டாம் என்று துணி செக்கிங்குக்கு மாற்றிவிட்டான். கீழே லைட் எரிகிற மேஜையில் துணி ஓடும், ஓட்டை, கோடு இருந்தால் பார்த்துச் சொல்ல வேண்டும். அமைதியான ரூம். முதல் நாள் மெஷின்களைத் தாண்டிப் போகும்போது ஒரு மாதிரி இருந்தது. என் மெஷினில் வேறு ஒருவன் நின்றிருந்தான். பார்க்காமல் போய்விட்டேன்.

நீ எழுதிய அந்த ஒரு வரியைப் படித்தேன். எனக்கும் அப்படித்தான். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வரும் ஞாயிறு கணியூர் வருகிறேன். தாராபுரம் வழியாக. சீனிச்சாமி பஸ் ஏற்றிவிடுவார்.

மகுடேஸ்வரன்


கணியூர்
21.10.2024

ஏனுங்க,

நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. அண்ணன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்துபோய், நீங்கள் போன திசையைப் பார்த்துவிட்டு வந்தார். "மாப்பிள்ளை போட்டதுதான் ஆம்லெட்டு. நீ போட்டது மருந்து" என்று என்னிடமே சொல்கிறார். தினமும் போட்டுக் கொடுத்தவளுக்கு நல்ல மரியாதை!

நீங்கள் அடுப்பு முன்னால் குனிந்து நின்று கல்லை ஆட்டிப் பார்த்ததை நான் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு ஒன்று, தோப்பு வேலைக்கு வந்த கருப்புசாமிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. நான் பால் கறந்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள் முட்டை தீர்ந்துவிட்டது. கல்லில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி நின்றுகொண்டே தின்றேன். ருசியாக இருந்தது.

குறையாகச் சொல்லவில்லை. பஸ் போன பிறகு சும்மா யோசித்துப் பார்த்தேன். எப்போதும் நன்றாக வந்தது உங்களுக்கு, அடுத்தது மோனிஷாவுக்கு, உடைந்தது எனக்கு. முழுசாக ஒன்றை உட்கார்ந்து, சூட்டோடு, இன்னொருத்தர் போட்டுக் கொடுத்து நான் உண்டதே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கே தோன்றியதில்லை. நேற்று சுரண்டித் தின்றபோதுதான் தோன்றியது.

அண்ணன் இனித் தானாகச் சமாளித்துக்கொள்வார். கருப்புசாமியின் சம்சாரம் சமையலுக்கு வருகிறாள். வரும் சனிக்கிழமை நான் ஊருக்கு வருகிறேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். பை ஒன்றும் பாரமில்லை. வீட்டிலேயே இருங்கள். எனக்கு ஒன்று போட்டுக் கொடுங்கள்.

துளசி


திருப்பூர்
24.10.2024

அம்மிணி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்குள் வந்து சேருமோ என்னவோ. சேராவிட்டால் கையிலேயே கொடுக்கிறேன்.

யூனிட்டிலிருந்து வரும்போதே முட்டை வாங்கினேன். காய்க் கடையில் நின்றேன். சின்ன வெங்காயம் எடுத்தேன். கீரை எடுத்தேன். அப்புறம் அது நான் விரும்பி உண்பது என்று ஞாபகம் வந்தது. உனக்கு என்ன பிடிக்கும்? காளானா, முட்டைக்கோசா, சும்மா வெங்காயம் மட்டுமா? காரம் எவ்வளவு வேண்டும்? உப்புத் தூக்கலாக இருக்கலாமா? கடைக்காரர், "ஏனுங்க, வேறென்ன போடட்டுமுங்க?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார்.  மோனிஷாவுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். இதை உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

அதனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வந்திருக்கிறேன். அடுப்பைப் பற்ற வைக்க மாட்டேன். நீ வந்து, கை கால் கழுவி, உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று சொல். என் வலது பக்கம் உட்கார்ந்து சொல். மெதுவாகவே சொல்லலாம்.

மகுடேஸ்வரன்